பாடி கட்டும் முன்னால் படி ஏறுகிறவரைக் கேளுங்கள்

போன கோடையில், காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தான் நிறுத்தத்தில் ஓர் ஆச்சி டவுன் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கையிலிருந்த மஞ்சள் பையைத் தூக்கி மேல்படியில் வைத்தார். அப்புறம் வலது கையால் கதவோரத் தகர விளிம்பைப் பிடித்தார். கம்பியை இல்லை, விளிம்பை. இடது கையைத் தன் முழங்காலில் ஊன்றி ஒரு காலைப் படியில் வைத்தார். மற்றக் கால் தரையை விட்டு எழவில்லை. பின்னால் நின்ற கல்லூரிப் பெண் முழங்கையைத் தாங்கிக் கொடுக்க, ஒரு வழியாக உள்ளே போனார். "பாத்து ஆச்சி, மெதுவா" என்று நடத்துநரும் பொறுமையாகத்தான் சொன்னார். அங்கே யாரிடமும் குறை இல்லை. வண்டியில்தான் குறை.

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "படி ரொம்ப உசரமோ ஆச்சி?" என்று கேட்டேன்.

"உசரந்தான் தம்பி, அதுகூடப் பழகிப்போச்சு. கம்பிதான் உள்ளுக்குள்ள இருக்கு. கீழ நின்னா எட்டலை. எட்டுனா நானே ஏறிருவேன்."

இறங்கியதும் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. கைப்பிடிக் கம்பி இரண்டாவது படிக்கு மேலேதான் தொடங்குகிறது. உள்ளே ஏறிவிட்டவருக்கு அது நன்றாக உதவும். ஆனால் அது அதிகமாகத் தேவைப்படுகிறவர் இன்னும் தரையில் நிற்கிறார். பல வருடமாக இந்த வண்டிகளில் போய்வருகிறேன். படியின் உயரத்தைப் பற்றி நானும் நிறையப் பேசியிருக்கிறேன். கம்பி என் கண்ணில் பட்டதே இல்லை, ஏனென்றால் எனக்கு அது எட்டும்.

எல்லோரும் ஏறக்கூடிய பேருந்தை வடிவமைக்க ஏறுகிறவர்களையே கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எப்போது கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு பேருந்து இரண்டு இடங்களில் உருவாகிறது. சக்கரம், என்ஜின், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்த சேசிஸ் தொழிற்சாலையில் தயாராகிறது. அதன் மேல் தளம், பக்கச் சுவர், கூரை, இருக்கை, கதவு, கம்பி வைத்துக் கட்டுவதைப் பாடி கட்டுவது என்கிறோம். தமிழ்நாட்டில் கரூர் அதற்குப் பேர் பெற்ற ஊர். இந்த இரண்டில் தரையின் உயரத்தை முடிவு செய்வது சேசிஸ்தான். நம் ஊர்ப் பேருந்துகள் பலவும் லாரிக்கு உரிய அமைப்பில் வந்தவை. முன்னால் என்ஜின், நீளவாக்கில் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள், கீழே குலுக்கலைத் தாங்கும் பட்டை வில்கள், பெரிய சக்கரங்கள். இவற்றுக்கு மேலேதான் தளத்தைப் போட முடியும். அதனால் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே போய்ச் சேரத்தான் அந்த மூன்று படிகள்.

தாழ்தளப் பேருந்தில் என்ஜின் பின்னால் போய்விடும். அச்சு வளைந்து கீழிறங்கும், பட்டை வில்லுக்குப் பதில் காற்றுப் பை வரும். தளம் சுமார் 400 மில்லிமீட்டர் உயரத்தில், ஒரே எட்டில் ஏறும்படி நிற்கும். நிறுத்தத்தில் காற்றை இறக்கி, வண்டி கதவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். ஒன்றிய அரசு 2008-லும் 2013-லும் நகரப் பேருந்துகளுக்கு வெளியிட்ட வரையறைகள் 400, 650, 900 மில்லிமீட்டர் என்று தள உயரங்களைப் பிரித்துப் பேசுகின்றன. இதில் எது என்று டெண்டரில் எழுதும் நாளிலேயே ஆச்சி எப்படி ஏறப்போகிறார் என்பது முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால், அவர்களுக்கு மிச்சம் இருப்பது ஸ்டிக்கரின் நிறமும் இருக்கையின் துணியும்தான்.

ஒட்டும் அந்த ஸ்டிக்கர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. 2019 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்னுரிமை இருக்கை, அதற்கான அடையாளம், ஊன்றுகோலையும் நடைச்சட்டத்தையும் பொருத்தி வைக்க வசதி, இருக்கை அருகே பிடிக்கக் கம்பி, சக்கர நாற்காலி ஏற வழி, ஏறியதும் அதை நிறுத்திப் பூட்ட ஏற்பாடு என்று அதில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. அதற்கு மேல் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. பழைய வண்டிகளையும் மாற்றித் தர வேண்டும் என்கிறது. ஆனால் தொழில்நுட்ப ரீதியாக முடியுமானால், செலவு தாங்குமானால், வடிவத்தில் பெரிய மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று கூடவே வாசல்களைத் திறந்தும் வைத்திருக்கிறது. உயரமான சேசிஸை வாங்கிவிட்ட பிறகு அந்த வாசல் வழியாக வெளியே போவது யாருக்கும் எளிது.

மக்களைக் கேட்பதும் வெறும் மரியாதைக்காகச் செய்கிற வேலை இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 4-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களோடு நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகல் வசதிக்கான நெறிகள் செய்தால் நல்லது என்ற அளவில் நின்றுவிடக் கூடாது, செய்தே தீர வேண்டிய விதிகளாக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சென்னையில் பல வருடம் நீதிமன்றப் படி ஏறித்தான் மாற்றுத்திறனாளிகள் தாழ்தளப் பேருந்துகளைப் பெற்றார்கள். 2024 ஆகஸ்டில் சில ஓடத் தொடங்கின. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. நல்ல தொடக்கம். ஆனால் பள்ளத்தூரிலிருந்தோ புதுவயலிலிருந்தோ பார்த்தால் அது தூரத்துச் செய்தி.

சென்னையில் எழுந்த ஒரு ஆட்சேபம் இங்கேயும் எழும். நம் சாலைகளுக்குத் தாழ்தளம் ஒத்துவராது, வேகத்தடையில் அடிவயிறு இடிக்கும், மழைத் தண்ணீரில் சிக்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை. கண்மாய்க் கரையை ஒட்டிய கிராமச் சாலையில் 400 மில்லிமீட்டர் தளத்தோடு ஒரு நீள வண்டியை ஓட்டச் சொன்னால் ஓட்டுநர் பாடு திண்டாட்டம்தான். மீதிப் பாதியைப் பற்றிப் பேச, வண்டியை விட்டு இறங்கித் தரையைப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டில் பல நிறுத்தங்களில் நடைமேடை கிடையாது. வேப்பமரம் இருக்கும், ஒரு நிழற்குடை இருக்கும், தார்ச் சாலைக்கும் அதற்கும் நடுவே செம்மண் ஓரம் இருக்கும். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டு வந்திருக்கிறார்கள். ஓரத்து மண் மழையில் அரித்துக்கொண்டே போயிருக்கிறது. இப்போது வண்டி தாரில் நிற்கிறது, ஆச்சி மண்ணில் நிற்கிறார். இடையில் பல இடங்களில் அரைச் சாண் பள்ளம். அன்றைக்கு அந்த முதல் படியை என் கையால் அளந்தேன். அவர் நின்ற இடத்திலிருந்து முழுசாக இரண்டு சாண் இருந்தது. கண்டாங்கிச் சேலையைக் கொசுவம் வைத்துக் கட்டியவர் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க, ஒரு கையால் சேலையையும் தூக்க வேண்டும். கம்பியைப் பிடிக்க எந்தக் கை மிச்சம்?

சக்கர நாற்காலிக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. கட்டடங்களில் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்ற சரிவைச் சொல்கிறார்கள். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். பேருந்தில் மடித்து விரிக்கும் பலகைக்கு ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 400 மில்லிமீட்டர் தளம் சாய்ந்து கொடுத்து 340 ஆகிறது. கீழே 150 மில்லிமீட்டர் நடைமேடை இருந்தால் ஏற வேண்டியது 190, அதாவது ஏறக்குறைய 1-க்கு 5. ஒருவர் பின்னால் நின்று தள்ளினால் ஏறிவிடலாம். நடைமேடையே இல்லையென்றால் 1-க்கு 3. செம்மண் பள்ளத்தையும் சேர்த்தால் அது சாய்தளமே இல்லை, சுவரில் சாய்த்த ஏணி. விலை உயர்ந்த தாழ்தள வண்டியை வாங்கி வந்து இந்த நிறுத்தத்தில் நிறுத்தினால் பாதிப் பணம் மண்ணில் போகிறது. வண்டியின் பாதியைத் தரையில்தான் கட்ட வேண்டும். அந்தப் பாதியைக் கட்டுவதற்குப் போக்குவரத்துக் கழகம் போதாது. மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, நெடுஞ்சாலைத் துறை எல்லாம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. பேருந்துகளோ கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலத்தைச் சேர்ந்தவை. தினமும் அந்த நிறுத்தத்தில் நிற்கிறவர்கள்தான் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஆட்கள்.

இந்த ஊருக்கு இது ஏன் இத்தனை அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானது. அந்த எண்ணில் கானாடுகாத்தான் ஆச்சி இருக்க வாய்ப்பில்லை. அவரிடம் சான்றிதழ் இல்லை, மூட்டுவலி மட்டும்தான் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் மாநில மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் விளக்கேற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் செட்டிநாட்டில் எத்தனை என்பதை இங்கே இருக்கிறவர்கள் அறிவார்கள். வீடுகளே தெருவை விட உயரமாக எழும்பியவை. வீட்டுப் படியை இறங்கி, பஸ் படியை ஏறி, திரும்பி வரும்போது இரண்டையும் மறுபடி கடக்க முடியுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கும் மருத்துவமனைக்கும் போகாமலே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருகிறவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எத்தனையோ பெண்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்த திட்டம் அது. காசுத் தடை நீங்கிவிட்டதால், படி என்ற தடை இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

சரி, எப்படிக் கேட்பது? ஒரு அரங்கில் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், "உட்கார இடம் வேணும், பஸ் நேரத்துக்கு வரணும்" என்பார்கள். நியாயமான பதில்தான், ஆனால் பாடி கட்டுகிறவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏறிக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு உண்மையான வண்டிகூட வேண்டாம். சவுக்குக் கம்பும் பிளைவுட்டும் வைத்துக் கதவு, படி, தளம், நாலு இருக்கை என்று முழு அளவில் ஒரு மாதிரியைச் செய்து பேருந்து நிலையத்தின் ஓரத்தில் வைத்தால் போதும். படி உயரத்தை மாற்றும்படியும் கம்பியைக் கழற்றிப் பூட்டும்படியும் அது இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர், வெள்ளைக்கோல் வைத்திருக்கும் மாணவர், வாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர், கர்ப்பிணி, கூடையோடு சந்தைக்குப் போகிறவர், நம் ஆச்சி. அவர்களோடு ஒரு நடத்துநர், ஒரு ஓட்டுநர், பணிமனை மெக்கானிக் ஒருவர். வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு வருகிறவரிடம் யோசனையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொள்வது முறையில்லை.

அங்கே தெரியவரும் விஷயங்கள் மேஜையில் உட்கார்ந்தால் தோன்றாது. வலது கை மட்டும் செயல்படுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது கதவின் வலப்பக்கக் கம்பி அவருக்குச் சரியாகக் கிடைக்கும். இறங்கும்போது முகம் திரும்பிவிட்டது, அதே கம்பி இப்போது செயலிழந்த இடது கைப்பக்கம் இருக்கிறது. அதனால்தான் சிலர் பின்பக்கமாக, தரை எங்கே என்று தெரியாமல், காலால் துழாவி இறங்குகிறார்கள். கதவின் இரண்டு பக்கமும் கம்பி வைத்தால் இது தீர்ந்துவிடும். கம்பியின் கனமும் அப்படித்தான். விரல்கள் சுற்றிவந்து கட்டைவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வயதானவர் கை அதில் வழுக்கும்.

பார்வையற்ற மாணவருக்குப் படி ஒரு பிரச்சினையே இல்லை, தாவி ஏறிவிடுவார். வருவது எந்த வண்டி என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. இத்தனை நாளும் வாசலில் நின்று "தேவகோட்டை, தேவகோட்டை" என்று கூவும் நடத்துநரின் குரல்தான் அவருக்கு ஊர்ப் பலகை. பாதுகாப்புக்காகத் தானியங்கிக் கதவு வருகிறது, வர வேண்டியதுதான். ஆனால் கதவு மூடியபடி வரும் வண்டியில் அந்தக் குரலும் உள்ளே அடைபட்டுவிடுகிறது. அப்படியானால் வெளிப்பக்கம் பார்த்து ஊரைச் சொல்லும் ஒரு ஒலிபெருக்கி கதவோடு சேர்ந்தே வர வேண்டும். தில்லி ஐஐடியில் பார்வையற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு கருவி இதையேதான் செய்கிறது. பயணியின் கையிலிருக்கும் கருவியின் பொத்தானை அழுத்தினால், வந்து நிற்கும் பேருந்து தன் தட எண்ணைச் சொல்லும், வாசல் எந்தப் பக்கம் என்பதையும் ஒலியால் காட்டும்.

எல்லோர் தேவையும் ஒன்றாகவே போகும் என்றும் நினைக்க வேண்டாம். சக்கர நாற்காலிக்காரருக்கு நிறுத்தத்தின் விளிம்பு வழவழவென்று சமமாக இருக்க வேண்டும். வெள்ளைக்கோல்காரருக்கு விளிம்பு எங்கே முடிகிறது என்று கோலுக்குத் தட்டுப்பட வேண்டும். நாற்காலி நிற்க இடம் விட்டால் இரண்டு மூன்று இருக்கை குறையும். தாழ்தள வண்டியில் சக்கரப் பெட்டிகள் உள்ளே துருத்துவதால் இன்னும் கொஞ்சம் குறையும். நின்றுகொண்டு போக முடியாத ஆச்சிக்கு அது இழப்புதான். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி, மடக்கு இருக்கை போடலாம், இத்தனை அங்குலம் போதும் என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்தால் அது நிற்கும். அதிகாரி ஒருவர் தனியாக எடுத்த முடிவு, கூட்ட நேரத்தில் உள்ளே சண்டையாக வெளிப்படும்.

அந்தச் சண்டை எப்படிப் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு உண்டு. 2012-இல் டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியோடு பேருந்தில் ஏற வந்தார். அவருக்கான இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு தள்ளுவண்டி நின்றது. நகர்த்தச் சொல்லி ஓட்டுநர் கேட்டார், தாய் மறுத்தார், பாலி ஏற முடியாமல் போனது. 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருமுறை கேட்டுவிட்டு ஓட்டுநர் ஒதுங்கிவிடக் கூடாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்றது. வண்டி சரியாகத்தான் இருந்தது. வண்டிக்குள் என்ன செய்வது என்பதுதான் தீர்மானிக்கப்படாமல் இருந்தது. நம் நடத்துநர்கள் இந்த விஷயத்தில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். எழுப்பி விட்டு இடம் வாங்கித் தருவது அவர்களுக்குத் தினசரி வேலை. வடிவமைப்புக் கூட்டத்தில் அவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். சாய்தளப் பலகையை விரிக்கப்போவதும் அவர்கள் கைதான் என்பது இன்னொன்று. மின்விசையில் இறங்கி ஏறும் மேடையைக் காட்டினால் எல்லோருக்கும் பிடிக்கும். மெக்கானிக்கைக் கேட்டால், உதிரிபாகம் வரும்வரை அது என்ன ஆகும் என்பதைச் சொல்வார். மேலே ஏறிய ஒருவர் இறங்க முடியாமல் ஒருநாள் மாட்டிக்கொண்டால் மறுபடி அவர் பஸ் பக்கமே வரமாட்டார். கொக்கியில் மாட்டிக் கையால் விரிக்கும் கனமான பலகை அழகாக இல்லாவிட்டாலும் எப்போதும் விரியும். எனக்குப் பலகைதான் சரி என்று படுகிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் மினி பஸ்ஸைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் 1997-இல் வந்தது. புதுப்பிக்கப்பட்ட திட்டம் 2025 ஜூனில் தொடங்கியது, ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். பெரிய பேருந்தை விட இந்த வண்டிகளுக்குச் சக்கரம் சிறியது, தளமும் தாழ்வு. உரிமையாளர் உள்ளூர்க்காரர், பயணிகளை முகம் தெரிந்தவர். பாடி கட்டும் பட்டறையில் அவர் போய் நின்று, "இந்தக் கம்பியை ஒரு முழம் கீழே இறக்கிக் கதவுக்கு வெளிவரைக்கும் கொண்டு வாங்க, படி விளிம்புல மஞ்சள் பட்டை அடிங்க" என்று சொன்னால் வெல்டிங் செய்கிறவர் அன்றைக்கே செய்துவிடுவார். பெரிய வண்டி ஒன்றில் இதே திருத்தம் ஒரு வரைபடம், ஒரு கோப்பு, அடுத்த டெண்டர் என்று போக வேண்டும். பெரிய வண்டிகளும் மாற வேண்டியவைதான். மின்சாரப் பேருந்து வரும்போது மின்கலத்தைக் கூரையிலோ பின்புறத்திலோ வைத்துத் தளத்தைத் தாழ்த்துவது எளிது. மின்கல ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த வண்டி இங்கே வரும் நாளுக்குள் எந்த நிறுத்தத்தில் எத்தனை அங்குலப் பள்ளம் இருக்கிறது என்ற கணக்காவது நம் கையில் இருக்க வேண்டும்.

அண்மையில் புதுவயல் பக்கம் ஒரு மினி பஸ்ஸில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது, ஒரு சாண் உயரம், மேலே பழைய டயர் ரப்பரை ஆணியடித்திருந்தார்கள். ஒரு பாட்டி ஏற வந்ததும் நடத்துநர் அதைக் காலால் தள்ளிக் கீழே வைத்தார். பாட்டி அதில் ஒரு கால் வைத்து, படியில் ஒரு கால் வைத்து, யார் கையும் படாமல் உள்ளே போனார். "யாருண்ணே இதைச் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன். போன மழையில் ஒரு அம்மா வழுக்கி விழப் பார்த்தாராம். அடுத்த நாள் அவரே இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ரப்பர் மட்டும் தன் யோசனை என்றார் நடத்துநர்.